தனியாக வண்டியில் போகும் குதிரை பதறாமல் இருக்க: வடசென்னைக் குதிரை வளர்ப்போருக்கு முழுமையான வழிகாட்டி

சாரட்டுக்கு இரண்டு குதிரை கேட்பார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று போதும் என்பார்கள். இந்த இரண்டாவது அழைப்பு வரும்போதுதான் பல லாயங்களில் சிக்கல் தொடங்குகிறது. ஜோடியாகச் சரக்கு வண்டியில் ஏறினால் பொன்னேரி வரைக்கும் சத்தமில்லாமல் நின்று வரும் குதிரை, தனியாக ஏற்றியதும் மூலக்கொத்தளம் தாண்டுவதற்குள் பலகையை உதைத்துப் பிளக்கிறது. வியர்வையில் நனைந்து, கனைத்துக் கனைத்துத் தொண்டை கட்டிப்போய் மண்டபத்தில் வந்து இறங்குகிறது. அப்புறம் அதன் முதுகில் மாப்பிள்ளையை ஏற்றி, பேண்டு செட்டுக்கும் பட்டாசுக்கும் நடுவில் நடத்த வேண்டும். இது குதிரைக்கும் ஆபத்து, கூட இருக்கிற மனிதர்களுக்கும் ஆபத்து.

இதற்கு வழி இருக்கிறது. அதில் முக்கால்வாசி வேலை வண்டியில் இல்லை, வீட்டில் இருக்கிறது. தனியாக நிற்கப் பழகாத குதிரையை எவ்வளவு நல்ல வண்டியில் ஏற்றினாலும் பதறத்தான் செய்யும்.

அது திமிர் இல்லை, பயம்

குதிரை கூட்டத்தில் வாழப் பிறந்த பிராணி. கூட்டம் என்றால் அதற்குப் பாதுகாப்பு: ஒன்று மேயும்போது இன்னொன்று பார்த்துக்கொள்ளும், ஒன்று படுத்துத் தூங்கும்போது இன்னொன்று நின்று காவல் காக்கும். ஆபத்து வந்தால் அதற்குத் தெரிந்த முதல் வழி ஓடுவது. வண்டித் தட்டில் இந்த இரண்டுமே கிடையாது. துணை இல்லை, ஓடவும் முடியாது. காலுக்குக் கீழே தரை ஆடுகிறது. பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி காற்று ஹாரன் அடிக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்க்கத் தலைக்கயிறு விடவில்லை.

அந்த நேரத்தில் அது கத்துவது துணையைக் கூப்பிடுவதற்காக. காலால் தட்டுவது, இருக்கிற இடத்தை விட்டு நகர முடியாததால். இதைப் பிடிவாதம் என்று நினைத்து ஒரு அடி வைத்தால், 'வண்டி என்றால் அடி' என்பதுதான் அதன் நினைவில் பதியும். குதிரையின் ஞாபகசக்தி நாம் நினைப்பதைவிடப் பெரியது. பயந்த இடத்தை அது மறப்பதில்லை.

முதலில் எதற்குப் பயப்படுகிறது என்று கண்டுபிடியுங்கள்

'என் குதிரைக்கு வண்டி ஆகாது' என்று பலர் சொல்வார்கள். பல நேரம் அந்தக் குதிரைக்கு வண்டியில் ஒரு குறையும் இருக்காது, தனிமைதான் ஆகாது. சில நேரம் நேர் எதிராக இருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால், பழக்கத் தொடங்கும் முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

குதிரையை வழக்கமான கட்டுத்தறியில் கட்டிவிட்டு, துணைக் குதிரையைத் தெரு முனை வரைக்கும் கூட்டிப்போகச் சொல்லிப் பாருங்கள். வீட்டிலேயே பதறினால் பிரச்சினை தனிமை. அடுத்த நாள் இரண்டையும் சேர்த்து வண்டியில் ஏற்றி, நிறுத்தியபடியே கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். துணை இருந்தும் நடுங்கினால் பிரச்சினை வண்டி: வழுக்கும் தகரம், இருட்டு, தலை இடிக்கும் கூரை, முன்பு எப்போதோ பட்ட அடி. இரண்டிலும் அமைதியாக இருந்து, வண்டி நகர்ந்தால் மட்டும் பதறினால் சமநிலையோ வலியோ காரணமாக இருக்கலாம். குளம்பில் வலி, முதுகு வலி, கண் பார்வைக் குறைவு உள்ள குதிரைக்கு ஆடும் தரையில் நிற்பது பெரிய கஷ்டம். மருத்துவரிடம் காட்டாமல் இதைப் பழக்கத்தால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வடசென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

பதற்றத்தை ஆரம்பத்திலேயே படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

உதைக்கத் தொடங்கிய பிறகு எவருக்கும் தெரியும். அதற்கு முன்பே தெரிந்தால்தான் பயன். வரிசை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மெல்லுவது நிற்கும். கழுத்து உயரும். இரண்டு காதும் துணை போன திசையிலேயே குத்தி நிற்கும். மூக்குத் துவாரம் விரியும், வாய் ஓரம் இறுகும். பிறகு லத்தி போடும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போடும், அது இளகிக்கொண்டே வரும். அதற்கப்புறம்தான் கனைப்பு, காலால் தரையைச் சுரண்டுவது, பக்கவாட்டில் ஆடுவது, வியர்வை.

மெல்லுவது நிற்கிறதே, அந்த இடத்தைக் கவனியுங்கள். வாயில் புல் தொங்கிக்கொண்டிருக்கும், தாடை அசையாது. நீங்கள் ஏதாவது செய்வதாக இருந்தால் அப்போதே செய்ய வேண்டும்.

நாடி பார்க்கவும் பழகுங்கள். தாடை எலும்பின் அடி விளிம்பில், உள்பக்கமாக விரல் நுனியை வைத்து நகர்த்தினால் மெல்லிய கயிறு மாதிரி ஒரு ரத்தக்குழாய் உருளும். கட்டைவிரலை வைக்காமல் மற்ற விரல்களால் லேசாக அழுத்திப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். உங்கள் குதிரையின் வழக்கமான அளவை நாலைந்து நாள் காலையில் எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழக்கும்போதும் பயணத்திலும் ஒப்பிட்டுப் பார்க்க அந்த நோட்டுதான் உதவும்.

முதல் கட்டம்: லாயத்திலேயே தனிமைப் பழக்கம்

இந்தக் கட்டத்தைத்தான் எல்லோரும் தாண்டிப்போகப் பார்க்கிறார்கள். கல்யாணத் தேதி நெருங்கிவிட்டது, நேரமில்லை என்பார்கள். நேரமில்லை என்றால் அந்தத் தேதிக்குத் துணையோடு ஏற்றுங்கள், அடுத்த சீசனுக்கு இதைத் தொடங்குங்கள்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். குதிரையை அதற்குப் பிடித்த இடத்தில் கட்டி, ஊறவைத்த கொள்ளும் தவிடும் கலந்த வாளியை முன்னால் வையுங்கள். அது தின்னத் தொடங்கியதும் ஒருவர் துணைக் குதிரையைப் பத்தடி தூரம் நடத்திப்போய் உடனே திரும்பக் கூட்டிவரட்டும். துணை வந்ததும் வாளியை எடுத்துவிடுங்கள். மறுபடி துணை போகும், மறுபடி வாளி வரும். கொஞ்ச நாளில் குதிரையின் கணக்கே மாறிவிடும்: 'அவன் போனால்தான் எனக்குக் கொள்ளு.' ஒவ்வொரு முறையும் ஒரு பிடி மட்டும் போடுங்கள். கொள்ளு அதிகமானால் வயிறு கெடும்.

தூரத்தையும் நேரத்தையும் மெதுவாகக் கூட்டுங்கள். பத்தடி, லாயத்தின் கோடி, கண்ணுக்கு மறைந்த சுவர்ப் பக்கம், தெரு, பக்கத்துத் தெரு. கண்ணுக்கு மறையும் அந்தக் கணம்தான் பெரிய படி. அதை ஒரே நாளில் தாண்ட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பாதி உடம்பு தெரியும்படி சுவர் ஓரம் நிறுத்திப் பாருங்கள். வால் மட்டும் தெரியும்படி நிறுத்திப் பாருங்கள். பிறகு முழுதாக மறைந்து, இரண்டு மூச்சு விடும் நேரத்தில் திரும்பட்டும்.

இதில் ஒரே ஒரு விதி: குதிரை கத்தத் தொடங்குவதற்கு முன் துணை திரும்பிவிட வேண்டும். கத்திய பிறகு துணை வந்தால், கத்தினால் வரும் என்று கற்றுக்கொள்ளும். கத்தட்டும், கத்திக் கத்தி ஓயட்டும் என்று விட்டால் அதுவும் தப்பு. ஓய்ந்து நிற்கும் குதிரை பழகிவிட்டது என்று அர்த்தமில்லை, களைத்துவிட்டது என்றுதான் அர்த்தம். அடுத்த நாள் முன்னைவிடச் சீக்கிரமே பதறும். தெரியாமல் நேரம் கூடிப்போய்க் கத்திவிட்டால், இரண்டு கத்தலுக்கு நடுவில் ஒரு கணம் அமைதி வரும். அப்போது துணையைக் காட்டுங்கள். அடுத்த முறை நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

எப்போதும் ஒரே குதிரையே வெளியே போவதும் நல்லதல்ல. ஒரு நாள் இது போகட்டும், இன்னொரு நாள் அது போகட்டும். விட்டுவிட்டுப் போவதும் விடப்படுவதும் வேறு வேறு பழக்கங்கள். இரண்டுமே வண்டியில் வேண்டியிருக்கும்.

பழகியதா என்று எப்படித் தெரியும்? தலை தணிந்து தோள் உயரத்துக்கு வரும். ஒரு காது உங்கள் பக்கம் திரும்பும். நீளமாக ஒரு மூச்சு விட்டு உதட்டை நக்கி மெல்லும். ஒரு பின்னங்காலைத் தளர்த்திக் குளம்பு நுனியில் நிற்கும். துணை கண்ணுக்கு மறைந்து அரை மணி நேரம் இப்படி நின்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். சில குதிரைக்கு இரண்டு வாரம் போதும், சிலவற்றுக்கு இரண்டு மாதமும் ஆகும். பால்குடி மறந்து அதிக நாள் ஆகாத குட்டிகள், துணையை இறப்பில் இழந்த குதிரைகள், பிறந்ததிலிருந்து ஒரே ஜோடியோடு வளர்ந்தவை எல்லாம் மெதுவாகத்தான் வரும்.

லாயத்தில் ஒற்றைக் குதிரைதான் இருக்கிறது என்பவர்கள் வெள்ளாடு வளர்ப்பது பழைய வழக்கம். பந்தயக் குதிரைகளுக்குக்கூட ஆட்டைத் துணை வைப்பதுண்டு. நல்ல யோசனைதான். ஆனால் குதிரை அந்த ஆட்டோடு ஒட்டிக்கொண்டால் ஆட்டைப் பிரியவும் இதே பழக்கம் தேவைப்படும்.

இரண்டாம் கட்டம்: நிற்கும் வண்டி

வண்டியை லாயத்துக்குப் பக்கத்தில், பின்பக்கம் ஒரு மண் மேட்டுக்கு நேராக வரும்படி நிறுத்துங்கள். மேடு இருந்தால் சரிவுப் பலகை செங்குத்தாக இருக்காது. வெயில் உள்ளே விழும்படி நிறுத்துவது நல்லது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் பழகக் குதிரைக்கு நம்மைவிட அதிக நேரம் ஆகும், இருண்ட பொந்துக்குள் நுழைய அது தயங்குவது இயல்பு. பலகையில் பழைய சாக்கு விரித்து, அதன் மேல் லாயத்து வைக்கோலையே கொஞ்சம் தூவுங்கள். தெரிந்த வாசனை இருக்கும், காலடிச் சத்தமும் குறையும்.

ஏறும்போது முன்னால் நின்று இழுக்காதீர்கள். இழுத்தால் குதிரை பின்னுக்குத்தான் சாயும். பக்கத்தில், தோளுக்கு நேராக நின்று கூட நடங்கள். ஒரு கால் வைத்தால் போதும், பாராட்டி இறக்குங்கள். பிறகு இரண்டு கால். ஏறிய உடனே கதவைச் சாத்தாமல், ஏறி இறங்கி ஏறி இறங்கி அது ஒரு சாதாரண விஷயம் ஆகட்டும்.

இங்கே உயிரைக் காக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஏற்றும்போது குதிரைக்குப் பின்னால் குறுக்கே போடும் பின் கட்டையை முதலில் போடுங்கள், தலைக்கயிற்றைப் பிறகு கட்டுங்கள். இறக்கும்போது கயிற்றை முதலில் அவிழுங்கள், கட்டையைப் பிறகு எடுங்கள். மாற்றிச் செய்தால், பின்பக்கம் திறந்திருக்கத் தலை கட்டியிருக்கும். குதிரை பின்வாங்கும், கயிறு இழுக்கும், பயந்து இன்னும் வேகமாகப் பின்வாங்கும், பலகையிலிருந்து விழும். மண்டபத்து அவசரத்தில் இந்த வரிசையை மறந்துவிடக் கூடாது. கூட வரும் பையனுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

இப்போது தனிமையை வண்டிக்குள் கொண்டுவாருங்கள். இரண்டையும் ஏற்றி அமைதியாக நிற்க வைத்து, துணையை மட்டும் இறக்கி, பக்கத்திலேயே நிறுத்தி, உடனே திரும்ப ஏற்றுங்கள். லாயத்தில் செய்த அதே படிகள்தான்: பத்தடி, மறைவு, தெரு. உள்ளே நிற்கும் குதிரைக்கு அப்போது மட்டும் கொள்ளு வாளி. அப்புறம் முதலிலேயே தனியாக ஏற்றிப் பழக்குங்கள், துணை வெளியே நிற்கட்டும். பிறகு துணை லாயத்துக்குள் போகட்டும்.

இதெல்லாம் அமைதியாக நடந்த பிறகுதான் இன்ஜினை ஓட விட வேண்டும். வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஐந்து நிமிடம். அடுத்த நாள் தெருக்கோடி வரைக்கும். அதற்கடுத்து ஒரு சுற்று. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தெரு காலியாக இருக்கும்போது தொடங்கினால் நல்லது. ஒவ்வொரு பயணமும் மண்டபத்தில் முடிய வேண்டியதில்லை என்று அதற்குத் தெரியட்டும். சுற்றிவிட்டு லாயத்துக்கே வந்து இறங்கிப் புல் தின்னட்டும்.

வண்டியை எப்படித் தயார் செய்வது

குட்டி யானையில் ஏற்றலாமா என்பதுதான் முதலில் வரும் கேள்வி. டாடா ஏஸ் வண்டியின் தட்டு ஏழடிச் சொச்சம் நீளம்தான். மட்டக்குதிரை நிற்கலாம். முழு வளர்ச்சி அடைந்த குதிரைக்கு அந்த நீளம் போதாது. குதிரை தலையையும் கழுத்தையும் அசைத்துத்தான் சமநிலை பிடிக்கிறது, அதற்கு இடமில்லாவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் தடுமாறும். உயரமான பிராணி ஒரு பக்கம் சாய்ந்தால் சிறிய வண்டியும் கூடவே ஆடும். வாடகை கூடினாலும் பெரிய தட்டுள்ள மினி லாரியையே பேசுங்கள்.

தரைதான் எல்லாவற்றிலும் முக்கியம். வெறும் தகரத்தில் லாடம் அடித்த கால் வழுக்கும். கனமான ரப்பர் பாய் விரித்து, அதன் மேல் மரத்தூளோ வைக்கோலோ போடுங்கள். பாய் நகராமல் ஓரங்களைக் கட்டுங்கள். நான்கு காலையும் அகட்டி நிற்க இடம் விடுங்கள். தனியாகப் போகும் குதிரைக்குத் தட்டு முழுவதும் கொடுப்பதும் தப்பு, வளைவில் சறுக்கி ஓடும். இரண்டு பக்கமும் மூங்கில் கட்டை வைத்து, சாக்கு சுற்றி, சாய்ந்துகொள்ளத் தோதாக அமையுங்கள்.

கடிவாளத்தில் கட்டாதீர்கள். ஒரு குலுக்கலில் வாய் கிழிந்துவிடும். முகக்கயிறு மாட்டி, நுனியை இழுத்தால் உடனே அவிழும் முடிச்சாகப் போடுங்கள். கயிற்றின் நீளம் தலையைத் தணித்து இருமவும் செருமவும் போதுமானதாக இருக்க வேண்டும், காலைத் தாண்டும் அளவுக்கு இருக்கக் கூடாது. தலையை உயரத் தூக்கிக் கட்டி மணிக்கணக்கில் கொண்டுபோனால், மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியே வர வழியில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும். பயணத்துக்குப் பின் வரும் நுரையீரல் காய்ச்சலுக்கு இது ஒரு பெரிய காரணம். சாரட்டுக்கு மாட்டும் கண்பட்டையையும் கழற்றிவிடுங்கள். சத்தம் வரும் திசையைப் பார்க்க முடிந்தால் பாதி பயம் குறையும்.

கண்ணாடி ஒரு நல்ல துணை. பிரிட்டனில் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், உயிருள்ள துணையோடு போன குதிரைகள்தான் மிக அமைதியாக இருந்தன. ஆனால் தனியாகப் போனவற்றுக்குப் பக்கத்தில் கண்ணாடி வைத்தபோது கனைப்பதும், தலையை உதறுவதும், திரும்பித் திரும்பிப் பார்ப்பதும் குறைந்தன, புல் தின்பது கூடியது. வீட்டுக் கண்ணாடியை வைக்காதீர்கள். உடைந்தால் ரத்தக்களரி. உடையாத அக்ரிலிக் தகட்டை, ஓரம் கூராக இல்லாமல், முகத்துக்கு நேர் எதிரில் வைக்காமல் கன்னப் பக்கமாகப் பொருத்துங்கள். அதற்கு முன் லாயத்தில் நாலு நாள் மாட்டிப் பாருங்கள். முதலில் மூக்கை ஒட்டி மோந்து பார்க்கும், தகடு மூச்சில் பனிக்கும், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நின்று மெல்லத் தொடங்கினால் வண்டியில் வைக்கலாம். காதைப் பின்னுக்கு மடித்துக் கடிக்கப் போனால், பல ஆண் குதிரைகள் அப்படித்தான் செய்யும், எடுத்துவிடுங்கள்.

பிறகு புல் வலை. குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், தின்றுகொண்டே இருப்பதுதான் அதற்கு இயல்பு. மெல்லும் வாய் பதற்றத்தையும் குறைக்கும். தூசி இல்லாமல் உதறி, லேசாகத் தண்ணீர் தெளித்து, கால் மாட்டாத உயரத்தில் கட்டுங்கள். தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்து மூடிவிடாதீர்கள். மேலே நிழல், பக்கவாட்டில் காற்று.

புறப்படும் நாள்

விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978ஆம் ஆண்டு விதிகளில் குதிரைக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது, தொற்று நோய் இல்லை என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். வழுக்காத தரை வேண்டும். குதிரையின் தலை, கடந்துபோகும் வண்டிகளைப் பார்க்காமல் இடப்பக்கம் இருக்க வேண்டும். கூட ஒரு ஆள் வர வேண்டும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த வேகக் கணக்கு பலருக்குத் தெரியாது. தெரிந்தால் டிரைவரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

காலையில் வழக்கமான புல், தண்ணீர். தானியத்தைப் பயணத்துக்கு முன் குறைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும் பிராணி, வெயிலில் இன்னும் கூடும். ஆனால் பழகாத தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். நம் பக்கம் ஒரு தெருவில் மெட்ரோ தண்ணீர், அடுத்த தெருவில் உப்பு போர் தண்ணீர் என்று இருப்பதால் வீட்டுத் தண்ணீரையே இரண்டு கேனில் எடுத்துப் போங்கள். தினமும் குடிக்கும் அதே வாளியும் கூடப் போகட்டும்.

நேரம் தேர்ந்தெடுப்பதில் வடசென்னையில் ஒரு சங்கடம் உண்டு. பகலில் வெயில், இரவில் துறைமுகத்து லாரிகள். எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி பக்கமும் கன்டெய்னர்கள் வரிசை கட்டி நிற்கும்போது நடுவில் மாட்டிக்கொண்டால், நகராத வண்டியில், டீசல் புகையில், ஹாரனுக்கு நடுவில் குதிரை தனியாக நிற்க வேண்டிவரும். ஓடும் வண்டியைவிட நின்றுபோன வண்டியில்தான் பல குதிரைகள் அதிகம் பதறும். என் தேர்வு விடியற்காலை. சாயங்கால ஊர்வலம் என்றாலும் காலையிலேயே கொண்டுபோய், மண்டபத்துக்குப் பக்கத்தில் நிழலான இடம் பேசிவைத்து, பகல் முழுக்க ஓய்வு கொடுங்கள். செங்குன்றம், பொன்னேரி பக்கம் போகிறவர்கள் தூரம் கொஞ்சம் கூடினாலும் சீராக ஓடும் வழியையே பிடியுங்கள். தாழ்வான சுரங்கப்பாலங்களில் எதிரொலி அதிகம், மழைக்காலத்தில் தண்ணீரும் தேங்கும். முடிந்தால் தவிருங்கள்.

டிரைவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். "அண்ணா, பின்னாடி ஒரு உசுரு நிக்குது. பிரேக்கை மெதுவா புடிங்க, வளைவுல இன்னும் மெதுவா, ஹாரன் வேணாம்" என்றால் பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஒரு தடவை பின்னால் நிற்கச் சொல்லி நூறு மீட்டர் ஓட்டிக் காட்டினால், அப்புறம் சொல்லவே வேண்டியதில்லை.

கூட வரும் ஆள் குதிரைக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். குதிரையின் தலைக்கு முன், தடுப்புக் கட்டைக்கு வெளியே, அது பார்க்கும் இடத்தில் உட்காரட்டும். அதே கட்டைக்குள் நிற்கக் கூடாது. வீட்டில் பேசுகிற குரலில் அவ்வப்போது பேசினால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

நிறுத்திய வண்டியில் தனியாக விட்டுப் போவது

இதைத் தவிர்ப்பதே நல்லது. ஜோடியாகப் போய், ஒன்றை மட்டும் ஊர்வலத்துக்கு இறக்கிவிட்டு மற்றதை வண்டியிலேயே விடுவதுதான் வழக்கம். விடப்பட்ட குதிரைக்குத் துணையின் குளம்புச் சத்தம் கேட்கிறது, வாசனை வருகிறது, ஆளைக் காணோம். இது வீட்டில் தனியாக நிற்பதைவிடக் கடினம். முடிந்தால் அதையும் இறக்கி, மரத்தடியில் ஒரு ஆளோடு கட்டுங்கள்.

வண்டியில்தான் விட வேண்டும் என்றால் ஜெனரேட்டர், பட்டாசு வெடிக்கும் இடம், சமையல் புகை மூன்றிலிருந்தும் தள்ளி நிறுத்துங்கள். துணை இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே புதுப் புல் வலையைக் கட்டுங்கள். இறங்கும் அதே நேரத்தில் கட்டினால் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. டீ குடிக்கக்கூட ஆள் நகரக் கூடாது, போக வேண்டும் என்றால் இன்னொருவர் வரட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நின்ற வண்டியின் தகரம் அடுப்பாகிவிடும். கடலோர ஈரப்பதத்தில் வியர்வை சீக்கிரம் காயாது, அதனால் குதிரையின் உடம்பு குளிர வழியில்லை. அந்த மாதங்களில் பகலில் வண்டிக்குள் விடவே வேண்டாம்.

பதற்றம் மூண்டுவிட்டால்

ஓடும்போது உதைத்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். வேகத்தைக் குறைத்துச் சீராக ஓட்டினால் சமநிலை பிடிப்பதில் கவனம் போய்ப் பல குதிரைகள் அடங்கிவிடும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் போக்குவரத்து இல்லாத ஓரத்தில் நிறுத்துங்கள். பின்கதவைத் திறக்காதீர்கள், உள்ளே ஏறாதீர்கள். முன்பக்கத்திலிருந்து குரல் கொடுங்கள், தண்ணீர் காட்டுங்கள். கயிறோ காலோ சிக்கியிருந்தால் வெளியிலிருந்தே முடிச்சை இழுத்து விடுங்கள். பதறிய குதிரையை நெடுஞ்சாலையில் இறக்குவது எல்லாவற்றையும்விட ஆபத்து.

மயக்க ஊசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் பார்த்து, எடை கணக்கிட்டு, தேவை என்று சொன்னால் மட்டுமே அது. மருந்தில் தள்ளாடும் குதிரையால் ஆடும் தட்டில் நிற்க முடியாது. சாராயம் ஊற்றினால் அடங்கும் என்று யாராவது சொன்னால் அவரை லாயத்துக்குள் விடாதீர்கள்.

காயமோ, விடாத வியர்வையோ, வயிற்றைத் திரும்பிப் பார்த்துப் பார்த்துப் படுக்கப் போவதோ தெரிந்தால் கால்நடை அவசர ஊர்தி எண் 1962க்கு அழையுங்கள்.

இறங்கிய பிறகு

உடனே சேணம் போடாதீர்கள். பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள், தரையில் தலை தணிந்து புல் கடிக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். காலில் சிராய்ப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் தொற்றும், தடுப்பூசி தவறியிருந்தால் சின்னக் காயத்துக்கும் மருத்துவரைப் பாருங்கள். நாடி அரை மணி நேரத்துக்குள் நோட்டில் உள்ள அளவுக்கு இறங்க வேண்டும். மூன்று நாள் காலையிலும் மாலையிலும் காய்ச்சல் பாருங்கள். 38.5 டிகிரியைத் தாண்டினாலோ, இருமினாலோ, புல்லை ஒதுக்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

அன்றைய பயணத்தை நோட்டில் எழுதுங்கள்: எங்கே மெல்லுவதை நிறுத்தியது, எத்தனை முறை லத்தி போட்டது, எந்தச் சத்தத்துக்கு அதிர்ந்தது. அடுத்த பயணத்துக்கு முன் எந்தப் படியை மறுபடி பழக்க வேண்டும் என்று அதைப் பார்த்தாலே தெரியும். இவ்வளவும் செய்தும் ஒவ்வொரு முறையும் நனைந்து நடுங்கி இறங்கும் குதிரை சில இருக்கும். அவற்றைத் தனியாக ஏற்றாதீர்கள். பேரம் பேசும்போதே இரண்டு குதிரைக்கான வண்டி வாடகையைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒத்துவராவிட்டால் அந்த ஊர்வலத்துக்கு வேறு குதிரையைக் கைகாட்டிவிடுங்கள்.